கடைசிச் சனிக்கிழமைக் காளான்

அக். 6, திங்கள்

விடியலிலேயே புழுக்கம். இரண்டு நாளாக மேற்கே மட்டும் மின்னுகிறது. இங்கே ஒரு சொட்டு இல்லை. கெடிலம் ஆற்றங்கரையில் நடை, பாலத்திலிருந்து கிழக்கே முள்வேலி வரை.

கிடைத்தவை:

தூதுவளை – ஒரு பிடி. முள் ஏறிய கட்டைவிரல் இன்னும் கடுக்கிறது.
முடக்கறுத்தான் – வேலி முழுக்க. பை நிறைய.
மூக்கிரட்டை – தொடவில்லை. சாக்கடை ஓரம்.
கோவைப்பழம் – இரண்டு. கிளி விட்டுவைத்தவை. நின்ற இடத்திலேயே தின்றேன்.

சரோஜா பையைப் பார்த்து "மறுபடியும் முடக்கறுத்தான் தோசையா?" என்றாள். அரைத்தாள். என்னைவிட ஒன்று கூடுதலாகத் தின்றாள்.

பறித்த ஒவ்வொன்றிலும் வழக்கம்போல ஒரு துண்டு எடுத்து ஈரத்துணியில் சுற்றி ஜன்னலில் வைத்தேன். யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் எதைத் தின்றோம் என்று டாக்டரிடம் காட்ட வேண்டும் அல்லவா. சரோஜா இதற்கு வைத்திருக்கும் பெயர் "மாதிரி ஆபீஸ்". நில அளவை அலுவலகத்தில் காலமெல்லாம் வரைபடம் போட்டவன் நான். இரண்டு முறை அளக்காமல் ஒரு கோட்டிலும் மை தொட்டதில்லை. அந்தக் கை மாறாது.

மாலை மச்சானிடமிருந்து போன். சரோஜாவின் அண்ணன் ராஜமாணிக்கம், சிதம்பரம். "மச்சான், புதங்கெழம கிள்ளைப் பக்கம் போலாமா? உமரிக்கீர தளதளன்னு நிக்குதாம்."

அவருக்கு இடது கண் போய்விட்டது. கண்ணில் நீர் அழுத்தம். வலது கண்ணும் கலங்கல்தான், கிட்டே வந்தால்தான் ஆள் தெரியும். மகன் செந்தில் போனை வாங்கிக்கொண்டான். "மாமா, நீங்க கூட இருந்தா மட்டுந்தான் அனுப்புவேன். ஒருவாட்டி ஏடாகூடமா ஏதாவது ஆச்சு, அத்தோட அவரு காடு கழனி சுத்தறது கட். சொல்லிட்டேன்."

"சரிப்பா" என்றேன். வைத்த பிறகுதான் யோசனை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் கண்டக்டரிடம் "சிதம்பரம் தானே?" என்று கேட்பவன் நான். என்னை நம்பி ஒரு மனிதரை அனுப்புகிறார்கள்.

அக். 8, புதன்

கிள்ளை. வானம் மூட்டம், வெயில் இல்லை. நல்ல நாள். மிக நல்ல நாள்.

கொண்டு போனவை: தண்ணீர், துண்டு இரண்டு, கத்தரி, பிஸ்கட், டெட்டால், மாற்று வேட்டி. வேட்டி தேவைப்பட்டது.

உப்புத்தரையில் உமரிக்கீரை கம்பளம் மாதிரி. தண்டு சிவப்பு, இலை குண்டு குண்டாக. மச்சான் குனிந்து தடவுவார், நுனியைக் கிள்ளிக் கடிப்பார், "இது முத்தல், அந்தாண்ட போ" என்பார். நான் கண்ணால் தேடுவதற்குள் அவர் மடி நிறைந்துவிடும். அவர் கால் பட்ட இடத்திலேயே கீரை இருக்கிறதோ என்று தோன்றும்.

திரும்பும்போது ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தது. வரும்போது கணுக்கால், இப்போது முட்டிக்கு மேல். மச்சானுக்குக் கரை தெரியவில்லை. ஆனால் வரும்போதே ஒன்று கவனித்து வைத்திருந்தேன். எதிர்க்கரையில் தண்ணீர்த் தொட்டியும் மொட்டைப் பனையும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நேர்கோட்டில் கெட்டித்தரை. இரண்டு பக்கமும் சேறு. துண்டின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். "என் பின்னாலேயே வாங்க மச்சான். இடது பக்கம் போகாதீங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஓடையில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "இன்னா பெருசு, துண்டப் புடிச்சிக்கினு போறீங்க, கண்ணாலமா?" என்றார்.

மச்சான் நிற்கவே இல்லை. "கண்ணாலம் எப்பவோ ஆயிடுச்சும்மா. இவரு எங்கூட்டு மாப்புள. வேணான்னாலும் வுட முடியாது."

கரை ஏறிய பிறகு இருவரும் சேற்றோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். கொக்குகள். இந்த வயதில் எனக்கு இது வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

கீரை மச்சான் வீட்டில் வெந்தது. சமைத்தவள் செந்திலின் மனைவி தமிழரசி. "உப்புப் போடலியேம்மா?" என்று கேட்டேன். உமரியில் உப்பு அதிலேயே இருக்கிறது, போட்டால் வாயில் வைக்க முடியாது. "அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடியும் கேட்டீங்க, வெச்சப்பறமும் கேக்குறீங்க மாமா. எறக்குனதும் ஒருவாட்டி கேட்டுடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இறக்கியதும் கேட்டேன்.

அக். 10, வெள்ளி

காற்று மேற்கிலிருந்து. பி.ப. நான்கிலிருந்து இடி. பண்ருட்டிப் பக்கம் நல்ல மழை என்று பேச்சு.

மச்சான் சாயங்கால பஸ்ஸில் வந்தார். செந்தில் அங்கே ஏற்றிவிட்டான், நான் இங்கே இறக்கிக்கொண்டேன். ரிஜிஸ்டர் தபால் மாதிரி. கையில் ஓலைக்கூடை. "இடிக்குது பாரு மச்சான். காளான எழுப்புது. காலைல காடாம்புலியூர் முந்திரித்தோப்பு. தோப்புக்காரர்கிட்ட சொல்லி வெச்சுட்டேன்."

சரோஜா விடவில்லை. "நாளைக்குப் பொரட்டாசி கடசி சனி. உங்கூட்டுல படையல். அன்னிக்குப் போயி காளானாண்ணே?"

"பெருமாளுக்கு வட, பாயாசம், சக்கரப் பொங்கல். எங்களுக்கு ஒரு மாசமா கறி இல்ல, சரோ. காளானு செடி மாதிரி தானே? இன்னா மச்சான், நீ படிச்சவரு, சொல்லு."

செடி இல்லை என்று எனக்குத் தெரியும். "சைவம்தான்" என்று மட்டும் சொன்னேன்.

"படையல் அடுப்புல ஏத்தக் கூடாது. தோட்டத்துல தனியா கல்லு கூட்டி ஆக்கிக்கோங்க." தீர்ப்பு. அவள் விடிந்ததும் நேரே சிதம்பரம் போய்விடுவாள், கூடமாட வேலை செய்ய. நாங்கள் காடாம்புலியூர் போய், அப்படியே வடலூரில் பஸ் மாறிப் படையலுக்குள் வந்து சேர வேண்டும்.

படுக்கும் முன் மச்சான் எச்சரித்தார். அவர்கள் குடும்ப வழக்கம். காளான் இருக்கும் இடத்தில் பேசக் கூடாது, விரல் நீட்டக் கூடாது. பேசினால் அடுத்தது மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். பையைக் கட்டின பிறகுதான் வாய் திறக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவரோடு போகும்போது அவர் முறை.

அக். 11, சனி

சிதம்பரத்திலிருந்து திரும்பி எழுதுகிறேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை: முந்திரித்தோப்பு. செம்மண் நனைந்து செருப்பில் அப்பிக்கொண்டது. முந்திரி இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நேற்றைய மழை. மச்சான் ஒவ்வொரு மரத்தடியாகக் காலால் துழாவினார். கறையான் புற்று அருகே உட்கார்ந்துவிட்டார். காளான் குடை குடையாக. ஒவ்வொன்றையும் விரலால் மண்ணைத் தோண்டி, நீண்ட வேர் மாதிரி உள்ளே போகும் அடித்தண்டு முழுவதையும் உருவினார். மெதுவாக. பேச்சே இல்லை. மயில் மட்டும் எங்கோ கத்தியது.

நான் சற்றுத் தள்ளிப் போனேன். தோப்பு முடிந்து மோட்டார் கொட்டகை. அதன் ஓரம் ஆடு மேய்ந்த புல்தரை. அங்கே நானே கண்டேன்! வெள்ளை வெளேர் என்று, வட்டமாக, தட்டுத் தட்டாக. மச்சானுக்குக் கிடைத்ததைவிடப் பெரியவை. முதல்முறையாக நான் தனியே கண்டுபிடித்தவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடிமடிப்பு வெள்ளை. புழு இல்லை. மண் கலையாமல் கத்தியால் தரையோடு அறுத்தேன். கூப்பிட்டுக் காட்ட ஆசை. பேசக் கூடாதே. மஞ்சப்பையைக் கட்டினேன்.

பஸ்ஸில் மச்சான் பையைத் தூக்கிப் பார்த்து, "அடேங்கப்பா, மாப்புள சுமை ஜாஸ்தியா கீதே!" என்றார். எனக்குப் பெருமை. அவர் கூடையிலிருந்து ஒன்று, என் பையிலிருந்து ஒன்று, தனித்தனிக் காகிதத்தில் சுற்றி ஸ்வீட் டப்பாவில் வைத்துக்கொண்டேன், மாதிரிக்கு.

நண்பகல்: சிதம்பரம். வீடு நிறைய ஆட்கள். செந்திலின் தங்கை மாமியார் வீட்டோடு வந்திருந்தாள். "கோவிந்தா" சத்தம், கற்பூரம், துளசி. தமிழரசி இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கழுவி நறுக்கித் தோட்டத்து அடுப்பில் ஏற்றிவிட்டாள். வெங்காயமும் மிளகும் சேர்ந்த வாசனை தெருவரைக்கும். பானைக்குள் குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. "வெள்ளி கறுத்தா வெசம் மாமா. பாருங்க, பளபளன்னு கீது." கரண்டியால் தூக்கிக் காட்டினாள். அந்தச் சோதனைக்கு ஒரு பொருளும் இல்லை என்று நான் படித்திருக்கிறேன். சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. காளான் நல்லது என்று எனக்குத்தான் தெரியுமே.

கை கழுவத் தொட்டிப் பக்கம் போனபோது கழித்துப்போட்ட குவியல். நறுக்கிய தண்டுத் துண்டுகள். சிலவற்றில் மோதிரம் மாதிரி ஒரு வளையம், மேலும் கீழும் நகர்ந்தது. புற்றுக்காளானுக்கு அது கிடையாது. அடியில் முற்றிய தொப்பி ஒன்று, வேண்டாமென்று எறிந்தது. திருப்பினேன். மடிப்பில் பச்சை. பாசி கரைத்த தண்ணீர் போல, லேசாக.

எனக்கு முதலில் வந்த எண்ணம்: கண்ணாடி அழுக்கு. துடைத்தேன். பச்சை. பச்சை மடிப்பு என்றால் விஷம்.

இலை போட்டாயிற்று. காளான் தலைவாழை இலையில் விழப்போகிறது, முதல் வரிசையில் குழந்தைகள். ஒருவேளை நிழலோ? துளசித் தண்ணீர் பட்டதோ? இருபது பேர் முன்னால் மச்சான் வீட்டுச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வதா? நான் தவறென்றால்? இவ்வளவும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே நடந்து, தமிழரசி கையிலிருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"காளான் வேணாம்மா. யாரும் தொட வேணாம்."

"ஏன் மாமா? வெள்ளி கறுக்கலியே!"

"காளான் விஷத்துக்கு வெள்ளி கறுக்காது. வேணாம். கொட்டிடலாம்."

மச்சான் நாற்காலியிலிருந்து "இன்னா மச்சான்?" என்றார். வளையத்தையும் பச்சைத் தொப்பியையும் செந்திலிடம் காட்டினேன். அவன் அதைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"நா சொன்னேன்ல? கண்ணு தெரியலன்னு தலையால அடிச்சிக்கினேன்ல? கொழந்தைங்கள்லாம் சாப்புட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்ப்பா? போதும். இனிமே வூட்ட வுட்டு எங்கயும் போவ வேணாம்."

மச்சான் கையை மடியில் வைத்துக்கொண்டார். செந்திலை நான் தடுக்கவில்லை. உண்மையாகவே நானும் அப்படித்தான் நினைத்தேன். கலங்கல் கண், புற்றடி இருட்டு, தெரியாமல் வேறு வகை கலந்திருக்கும். நான்தான் கண்ணாடி போட்டுப் பார்த்துப் பறித்தவன் ஆயிற்றே.

நாய் தொடாமல் குழி வெட்டிக் கொட்டினோம். பிறகு சாம்பார், வடை. மச்சான் பாயாசம் மட்டும் குடித்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் செய்தது சரி. எழுதிப் பார்த்தாலும் சரிதான்.

மாலை வீட்டில் டப்பாவைத் திறந்தேன். வெள்ளைத்தாளில் இரண்டு தொப்பிகளையும் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்துத் தம்ளரால் மூடினேன். மச்சானுடையதின் கீழ் பென்சிலால் 'ரா', என்னுடையதின் கீழ் 'நா'. விடியும்போது தாளில் பொடி உதிர்ந்திருக்கும், அதன் நிறம் வகையைச் சொல்லும்.

அக். 12, ஞாயிறு

தம்ளரை எடுத்தேன்.

'ரா' – வெளிறிய ரோஸ். காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் போல. புற்றுக்காளான்.
'நா' – பச்சை.

பெயர் மாற்றி எழுதிவிட்டேனா என்று பார்த்தேன். அப்படி இருக்க வேண்டும் என்றுகூட ஒரு கணம் விரும்பினேன். இல்லை. ரோஸ் விழுந்த காளானுக்கு நீண்ட வேர்த்தண்டு, மண்ணோடு. பச்சை விழுந்ததற்குத் தட்டையாக அறுத்த அடி. என் கத்தி.

இளசாக இருக்கும்போது மடிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். முற்றினால்தான் பச்சை. அந்தத் தொப்பி பைக்குள் கிடந்தே முற்றியிருக்கிறது. கண்ணாடி எத்தனை முறை துடைத்தும் பயனில்லை. தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். கேட்டிருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது என்பதற்காக நின்றேன் என்று சொல்லலாம். ஆனால் திறந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா? அத்தனை பெருமை.

சரோஜா வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா, தாளயே பாத்துக்கினு கீறீங்க?"

சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். "தமிழு போன் பண்ணா" என்றாள். "அண்ணன் காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. செந்திலு கூடைய எடுத்துப் பரண்ல போட்டுட்டானாம். ஆட்டோ ஸ்டாண்டுல போயி, அப்பா வந்தா ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டு வந்துகிறான்."

ஆட்டோ ஸ்டாண்டில் சொல்வது. ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி.

"போன்ல சொல்லிடுங்க" என்றாள் சரோஜா. எண்ணைப் போட்டேன், மணி அடிக்கும் முன் நிறுத்திவிட்டேன். போனில் சொன்னால் செந்திலுக்கு மட்டும் கேட்கும், அல்லது மச்சானுக்கு மட்டும். பழி நடுக்கூடத்தில் விழுந்தது.

சொல்லாமலும் விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கு நல்ல பெயர்: குழந்தைகளைக் காப்பாற்றியவர். இந்த வரியை எழுதிவிட்டு நாலு முறை படித்தேன். அசிங்கமாக இருக்கிறது.

நாளை சிதம்பரம் போகிறேன். விடியற்காலை பஸ்ஸில் இல்லை, பத்து மணி பஸ்ஸில். மதியச் சாப்பாட்டுக்குச் செந்தில் கடையிலிருந்து வீட்டுக்கு வருவான். எல்லோரும் இருக்கும்போது.

அக். 13, திங்கள்

மழை. பரங்கிப்பேட்டை முன்னால் பஸ் ஊர்ந்தது. தாளை அட்டைக்கு நடுவே வைத்து, பாலித்தீன் பையில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கண்டக்டரிடம் எதுவும் கேட்கவில்லை.

மச்சான் கூடத்தில், ஓடாத டி.வி. முன்னால். தமிழரசி தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். செந்தில் கை கழுவிக்கொண்டு வந்தான். "வாங்க மாமா. மழையில எதுக்கு? போன் பண்ணியிருக்கலாமே."

உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வரும், பேச்சு வேறு பக்கம் போகும். மனப்பாடம் பண்ணிய மூன்று விதமும் போய்விட்டது. தாளை மேசையில் விரித்தேன்.

"செந்தில், இது உங்கப்பா கூடைல இருந்தது. ரோஸ். நல்ல காளான். இது என் பையில இருந்தது. பச்ச. விஷம். அன்னிக்குக் கலந்தது நான். உங்கப்பா இல்ல."

செந்தில் தாளைக் கையில் எடுத்தான். "நீங்களா? நீங்க தான் எல்லாத்தயும் நாலுவாட்டி பாப்பீங்களே மாமா."

"பாத்தேன். கண்ணால மட்டும் பாத்தேன். அவரு விரலால வேரு வரைக்கும் போயிப் பாத்துட்டு எடுத்தாரு. சனிக்கெழமயே நான் இதைக் கண்டுபுடிச்சிருக்கணும். எனக்கும் அவருதான்னு தோணிச்சு. அது என் தப்பு."

தமிழரசி வாயில் கை வைத்துக்கொண்டாள். செந்திலின் முகத்தில் கோபம் திரும்பி என் பக்கம் வந்தது தெரிந்தது. "அப்ப ரெண்டு பேருமே போவ வேணாம். முடிஞ்சுது."

எப்போதும்போல் "சரிப்பா" என்று வரவேண்டிய இடம். வரவில்லை.

"போவோம்ப்பா. காளானுக்குப் போனா வாயத் தொறந்து பேசிக்கிட்டே பறிப்போம். அவரு வேரப் பாக்கட்டும், நான் நெறத்தப் பாக்குறேன். தாள்ல பொடி உதுந்து நெறம் தெரியற வரைக்கும் அடுப்புல ஏத்த மாட்டோம். ஒரு நாள் வெச்சா வாடிடும்னா, அந்தத் தடவ தின்னாம போவோம். மத்த நாள்ல கீர. அதுல உங்கப்பாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல."

இவ்வளவு நீளமாக நான் அந்த வீட்டில் பேசியதே இல்லை. மச்சான் இதுவரை அசையவில்லை. இப்போது தலையை இந்தப் பக்கம் திருப்பினார்.

"என்துல இன்னா நெறம்னு சொன்ன?"

"ரோஸ் மச்சான்."

"சத்தமா சொல்லு."

"ரோஸ்!"

"ரெண்டு நாளா என் கைய நானே மோந்து மோந்து பாத்துக்கினு கீறேன்யா. கை பொய் சொல்லிடுச்சேன்னு." விரல்களை மூக்கருகே கொண்டு போனார். உடனே இறக்கிக்கொண்டார். "நீ ஒரு பெரிய மனுசன், கத்தியால அறுத்துக்கினு... காளானா அது, கத்திரிக்காவா? தோண்டக் கூடாது உனக்கு?"

"தோண்டியிருக்கணும்."

"துன்னுட்டு கீரைக்குப் போவோம். தமிழு, எனக்கும் தட்டு வெய்யி."

செந்தில் தாளை மேசையில் வைத்தான். கொஞ்ச நேரம் அப்பாவின் கைகளையே பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டு, கூடையை எடுக்க ஏறினான். ஸ்டூல் ஆடியது.

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாத்து ஏறுடா" என்றார்.